தலை தட்டிய மரக்கால்

கீரப்பாளையம்

கடலூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பேத்தி ஒரு மாதம் வேலை பழகப் போகிறாள் என்றதும் ஆயா கேட்ட முதல் கேள்வி, "கணக்குப்பிள்ளை வேலையா?" என்பதுதான்.

கேள்வியில் மரியாதை இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. ஆயாவின் இளமையில் ஊர் நிலம் முழுவதும் ஒரே ஆளின் கையெழுத்துக்குள் அடங்கியிருந்தது. யாருக்கு எத்தனை மா, எந்த வரப்பு யாருடையது, தீர்வை பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருக்கும். அப்பாவுக்குப் பின் பிள்ளை என்று வழிவழியாக வந்த அந்தப் பதவியை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பிறகு தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த நாற்காலிக்கு வந்தார்கள். ஆயாவின் கணக்கில் அதெல்லாம் சேரவில்லை. பேனா பிடித்துக் கணக்கு எழுதுகிற யாரும் அவருக்கு இன்னும் கணக்குப்பிள்ளைதான்.

பேத்தி பி.காம். இரண்டாம் ஆண்டை முடித்திருந்தாள். கோடை விடுமுறையில் எங்காவது பயிற்சி எடுத்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்பது பாடத்திட்டம். தெரிந்த கடையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்கி வருபவர்களும் உண்டு. அவள் அப்படிச் செய்யாததற்கு லட்சியம் ஒன்றும் காரணமில்லை. அந்தத் தெரிந்த கடை அவளுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அது 2025 மே மாதம். சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவில், வெள்ளாற்றுக்குத் தெற்கே கிடக்கும் கீரப்பாளையத்து வயல்கள் அப்போது சும்மா இருந்தன. சம்பா அறுத்து, அதன் ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் பிடுங்கி முடிந்து, களிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளுக்கு மேல் கிடை ஆடுகள். இனி மேட்டூர் திறந்து, கீழணை தாண்டி, வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வரும்வரை பலருக்கு வேலை, வானத்தைப் பார்ப்பதும் டீக்கடையில் செய்தித்தாளைப் பார்ப்பதும்தான்.

டிபன் பாக்சில் சோறும் கத்திரிக்காய் கொத்சும் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

கடலூர் சாலை

சிதம்பரத்தில் வண்டி மாறி வடக்கே திரும்பினால் நிலம் மெல்ல நிறம் மாறுகிறது. களிமண் விலகி மணல் வருகிறது, நெல் தாள் விலகிச் சவுக்குத் தோப்பு வருகிறது. புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஊர்கள் கடக்கக் கடக்கக் காற்றில் உப்பு ஏறும். குடிகாடு நெருங்கியதும் உப்பு வாசனையை வேறொன்று அமுக்கிவிடும். சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன நெடி அது. தூங்கிக்கொண்டு வருபவர்கள் அந்த நெடியில் விழித்து, முதுநகர் வந்துவிட்டது என்று பையைத் தேடுவார்கள். ஒலிபெருக்கி இல்லாத பேருந்தில் அதுவே அறிவிப்பு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் வெள்ளரிப்பிஞ்சு மூட்டை. கூறு கட்டி விற்பவர். "கிலோ என்ன விலைம்மா?" என்று இவள் கேட்டதற்கு, "கிலோவெல்லாம் தெரியாது கண்ணு, கூறு இருபது ரூபா" என்றார். ஒரு கூறில் எத்தனை பிஞ்சு? அது காலையில் ஆறு, மாலையில் ஒன்பது என்று மாறும். வாடிக்கையாளர் முகத்தைப் பொறுத்தும் மாறும்.

மஞ்சக்குப்பம்

ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும் பக்கத்தில் இருப்பதால் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் பலகைகளும் ஆடிட்டர் பலகைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொங்குகின்றன. அவள் சேர்ந்தது மாடியில் இருந்த ஒரு சிறிய அலுவலகம். உள்ளே நுழைந்தால் முதலில் தெரிவது ஆட்கள் அல்ல, கயிறு கட்டிய கோப்புகள். அவற்றுக்கு நடுவே ஐந்து கணினிகள், ஐந்திலும் டேலி என்ற கணக்கு மென்பொருள்.

கணக்கு அலுவலகத்துக்கு என்று தனியாக ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. 11-ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி கணக்கு, 20-ஆம் தேதி இன்னொன்று, மே 31-க்குள் பிடித்தம் செய்த வரியின் காலாண்டு அறிக்கை, ஜூன் 15-க்குள் சம்பளக்காரர்களுக்குப் படிவம் 16. அமாவாசை, கிருத்திகை தவறினாலும் இது தவறாது. மே 27 மாலையில் வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாள் ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனதாகச் செய்தி வந்தபோது, ஆபீசில் யாரோ கீழே போய் எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்தார்கள்.

அவளுக்கு வேலை சொல்லித் தந்தது சி.ஏ. இடைநிலைத் தேர்வு முடித்து ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருந்த ஓர் அக்கா. இந்தப் பயிற்சிக்காலம் முன்பு மூன்று ஆண்டு, 2023-இல் புதிய திட்டம் வந்தபின் இரண்டு. அக்காவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய புகைப்படம் ஒன்று இருந்தது. யாரோ உறவினர் பாட்டி என்று நினைத்தாள். ஆர். சிவபோகம் என்றார் அக்கா. சென்னையைச் சேர்ந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி வேலூர்ச் சிறையில் இருந்தவர். 1933-இல் அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். சிறை சென்றவர்கள் கணக்காயராகப் பதிவு செய்துகொள்ள முடியாதபடி விதி குறுக்கே நின்றது. அதையும் எதிர்த்து வென்று, 1937-இல் தொழிலைத் தொடங்கிய அவரே இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளர். "நமக்கு இங்க மாடிப்படி ஏறுறதுதான் கஷ்டம் பாப்பா" என்று முடித்தார் அக்கா.

முதல் வாரம் முழுவதும் ஓர் அரிசி ஆலையின் கொள்முதல் பில்களை ஏற்றும் வேலை. மூட்டை எத்தனை, கிலோ எத்தனை, தொகை எவ்வளவு. சில பில்களில் மூட்டை மட்டும் இருந்தது, கிலோ இல்லை. முந்தைய கட்டில் இருந்த பில்கள் விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்தவை, அவற்றில் மூட்டை 75 கிலோ. அவளும் எல்லாவற்றையும் 75-ஆல் பெருக்கிப் போட்டாள். வேலை வேகமாக நடந்தது.

மூன்றாம் நாள் அக்கா திரையைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "நூறு கிலோ நெல்லு அரைச்சா எவ்வளவு அரிசி வரும்?"

அவள் விவசாயி மகள். தெரியும். பச்சரிசிக்கு 67 கிலோ என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு, புழுங்கலுக்கு 68. மீதி தவிடு, குருணை, உமி. ஆனால் அவள் ஏற்றிய கணக்கில் நூறு கிலோ நெல்லுக்கு 55 கிலோ அரிசிதான் வந்திருந்தது. ஆலைக்காரர் பன்னிரண்டு கிலோவை மறைத்துவிட்டாரா?

"அவர் அரிசியத் திருடல. நீதான் மூட்டைக்குப் பதிமூணு கிலோ நெல்ல இல்லாம சேர்த்துட்ட" என்றார் அக்கா. இரண்டாம் கட்டுப் பில்கள் டெல்டாப் பக்கத்தவை. அங்கே வியாபாரிகள் பேசும் மூட்டை 62 கிலோ. அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் அதுவே 40 கிலோ. அந்தப் பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய், ஆகவே 40 கிலோ மூட்டைக்கு 980 ரூபாய். தன் வீட்டு வாசலில் அடுக்கியிருந்த மூட்டை எத்தனை கிலோ என்று தெரிந்த பெண், டேலியின் முன்னால் உட்கார்ந்ததும் அதை மறந்துபோனதுதான் வேடிக்கை.

பில்களை மறுபடி ஏற்ற ஒன்றரை நாள் ஆனது. பயிற்சியில் அவள் கற்ற பற்று வரவு எல்லாம் கல்லூரிப் புத்தகத்திலேயே இருந்தது. 62-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தேவனாம்பட்டினம்

சனிக்கிழமை அரை நாள். அக்கா அவளைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். கடலூர்க்காரர்கள் சில்வர் பீச் என்று சொல்லும் தேவனாம்பட்டினம். கெடிலம் கடலைச் சேரும் பக்கமாகச் செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் கிடக்கின்றன. கோட்டை என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். செங்கல் சுவர், புதர், பெயர் எழுதிவைத்த காதலர்கள்.

ஆனால் கணக்குப் படிக்கிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் அது. கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் இந்தக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு சேரும் நிலத்துக்கு எல்லை எப்படிக் குறிப்பது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும், குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு. அதற்காகவே நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். சுடுபவர் கைத்திறனைக் காட்டினால் லாபம் என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடலூரில் குண்டு சாலை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ அளவுகோல்கள் உண்டு. அளப்பவன் தன் வசதிக்கு நீட்டிக்கொள்ள இதைவிட நல்ல கோல் கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு சேதியும் உண்டு. ராபர்ட் கிளைவ் 1744-இல் சென்னைக்கு வந்தது படைவீரனாக அல்ல, கம்பெனியின் எழுத்தராக. துணி மூட்டை எண்ணி, பேரேடு எழுதும் வேலை, வயது பதினெட்டு, சம்பளம் ஆண்டுக்கு ஐந்து பவுண்டு. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது மாறுவேடத்தில் தப்பி இந்தத் தேவனாம்பட்டினத்துக்குத்தான் ஓடிவந்தான். இங்கே பேனாவை வைத்துவிட்டு வாளை எடுத்தான்.

"அஞ்சு பவுண்டாவது குடுத்தாங்க. நமக்கு அதுவும் இல்ல" என்றாள் பயிற்சி மாணவி. இருவரும் சுண்டல் வாங்கினார்கள். பொட்டலம், நல்லவேளையாக, அளவு கேட்கவேண்டாத சரக்கு.

முதுநகர்த் துறைமுகம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. பெயின்ட் வாசனை, வலை பின்னும் ஆட்கள், நிழலில் சீட்டாட்டம். ஐஸ் கம்பெனி ஒன்றின் கணக்கை வாங்க வந்தவளுக்கு இரண்டு மாதத்து விற்பனைப் பதிவாகக் கிடைத்தது அநேகமாக வெற்றுத்தாள். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீனுக்குக் கொஞ்சம் ஐஸ் போகிறது, அவ்வளவுதான். அங்கே வேலை செய்த அண்ணன் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். "ரெண்டு மாசத்துக்குக் கணக்கே கிடையாதும்மா, கடன் மட்டுந்தான்" என்றார், சிரித்துக்கொண்டே.

பண்ருட்டி

கடலூரிலிருந்து மேற்கே, நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையின் புகையைத் தாண்டினால் பண்ருட்டி. இங்கே மண் சிவப்பு. கீரப்பாளையத்துக் கால்களுக்கு அது புதுசு, செருப்பிலிருந்து உதறினால் பொடியாக விழுகிறது. மே மாதத்தில் சாலையோரம் முழுக்கப் பலா. எடைபோட்டு விலை சொல்லும் கடைகள் இருந்தாலும், பழம் வாங்குகிற பெரியவர்கள் இன்னும் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டுத்தான் விலை பேசுகிறார்கள். அவளுக்கும் தட்டிக் காட்டினார் ஒரு கடைக்காரர். அவளுக்கு எல்லாப் பழமும் ஒரே மாதிரிதான் கேட்டது.

வந்த காரியம் முந்திரி. ஓட்டோடு இருக்கும் கொட்டையை விவசாயியிடமிருந்து ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரி வாங்கினால், வரியை அரசுக்குக் கட்டவேண்டியவர் வாங்கினவர். தலைகீழ் வரி, ரிவர்ஸ் சார்ஜ், 5 சதவீதம். விவசாயியின் வீட்டில் பில் இருக்காது, வருமான வரிக் கணக்கும் இருக்காது, ஏனென்றால் விவசாய வருமானத்துக்கு அந்த வரி இல்லை. வாங்கினவரின் பேரேட்டில் ஒரு வரியாக மட்டும் அவர் பதிவாகிறார்: பெயர், மூட்டை, தொகை. அப்பாவின் பெயரும் சிதம்பரம் பக்கத்து ஏதோ ஒரு நெல் வியாபாரியின் டேலியில் இப்படி ஒரு வரியாக இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

உடைக்கும் கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கை விரல்கள் கருத்திருந்தன. ஓட்டிலிருந்து வரும் பால் தோலைச் சுடும், சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டுதான் தொட முடியும். ஆசையில் ஒரு கொட்டையை எடுக்கப் போனவளை, "தொடாத பாப்பா, புண்ணாயிடும்" என்று ஒரு அம்மாள் தடுத்தார். அவர்களுக்குக் கூலி நாளுக்கு இல்லை, உடைத்த எடைக்கு. ஆகவே அந்தக் கொட்டகையில் தராசை எல்லோருமே ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொட்டை மூட்டை இங்கே 80 கிலோ. உடைத்து, உலர்த்தி, தோல் நீக்கினால் அதில் பருப்பு ஏறக்குறைய கால்வாசி தேறும். மரத்தடியில் விழுந்த உள்ளூர்க் கொட்டை மட்டும் ஆலைகளுக்குப் போதாது, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கிய கொட்டையும் இதே கொட்டகையில்தான் உடைபடுகிறது. பருப்புக்கு வந்தால் பேச்சே மாறுகிறது. டபிள்யூ 240, டபிள்யூ 320. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை முழுப் பருப்பு என்பதே அந்த எண். எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும், விலை இறங்கும். பண்ருட்டிச் சந்தையில் வேறு எதையும் யாரும் பவுண்டில் நிறுப்பதில்லை. கொட்டை கிலோவில் உள்ளே வருகிறது, பருப்பு பவுண்டின் பெயரில் வெளியே போகிறது.

கணக்குக் காட்டிய பெரியவர் தோப்பையும் காட்டினார். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, இந்தச் செம்மண் பூமியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அவர் தோப்பில் தாத்தா காலத்துப் பலா மரங்கள் அன்று போயின. உடைக்கும் எந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதுகிறார்கள், கணினிக்கு 40 சதவீதம். தாத்தா வைத்த பலாவுக்கு எதுவும் இல்லை. அது எந்தச் சொத்துப் பட்டியலிலும் ஏறியதே இல்லை, அதனால் விழுந்தபோது எதிலிருந்தும் கழிக்கவும் முடியவில்லை. அவள் இதைக் குறித்துக்கொண்டாள். பிறகு பயிற்சி அறிக்கையில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

கிளம்பும்போது ஒரு பலாப்பழத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஆடிட்டர் ஆபீஸ் பெண் என்பதால் வாங்கலாமா கூடாதா என்று அக்கா யோசித்த அரை நிமிடத்தில் அது ஜீப்பில் ஏறிவிட்டது.

புவனகிரி சாலை

கடைசி வாரம் வேலை சொந்த ஊர்ப் பக்கமே வந்தது. புவனகிரி சாலையில் ஓர் அரிசி ஆலை. வங்கி கொடுத்திருந்த கடனுக்கு ஈடாகச் சரக்கு உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். நூறு ரூபாய்ச் சரக்கு இருந்தால் வழக்கமாக 75 ரூபாய்வரை கடன், 25 ரூபாய் ஆலைக்காரரின் பங்கு. சரக்கு குறைந்தால் கடனும் குறையும். ஆகவே எண்ண வேண்டும்.

கணக்காளர் கிடங்குக்குப் போய்க் கையால் எண்ணுவது எப்போதும் இருந்த வழக்கமல்ல. 1938-இல் அமெரிக்காவில் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் கணக்கில் சுமார் ஒரு கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு, கிடங்கிலேயே இல்லாத சரக்கு என்று தெரியவந்தது. தணிக்கையாளர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், கிடங்கைப் பார்க்கவில்லை. அதற்கடுத்த ஆண்டிலிருந்துதான் போய்ப் பார்ப்பது அங்கே விதியானது. இந்தியாவில் தணிக்கைத் தரநிலை 501 இன்று அதையே சொல்கிறது. போய்ப் பார்த்தாலும் போதாது என்பதற்கும் கதை உண்டு. 1963-இல் நியூ ஜெர்சியில் சமையல் எண்ணெய்த் தொட்டிகளை ஆய்வாளர்கள் மேலே திறந்து பார்த்தார்கள். எண்ணெய் தெரிந்தது. அடியில் இருந்தது தண்ணீர்.

கிடங்கில் அட்டி கூரைவரை உயர்ந்திருந்தது. நீளத்துக்கு 12, அகலத்துக்கு 8, உயரத்துக்கு 14. பெருக்கினால் 1,344 மூட்டை. "அவ்வளவுதானே அக்கா?" என்றாள்.

"நடுவுல கூடா இருந்தா?"

ஆகவே ஏறினாள். லோடு அண்ணன்கள் இருவர் கீழிருந்து கை கொடுத்தார்கள், மூன்றாமவர் செல்போனில் படமெடுக்கலாமா என்று யோசித்தார். மேலே சணல் தூசு, தகரக் கூரையின் அனல், எட்டிப் பார்த்தால் நடுவிலும் மூட்டைதான். கூடு இல்லை. அங்கங்கே பத்து மூட்டையை இறக்கி நிறுத்துப் பார்த்தார்கள். எல்லாம் 62-க்கு அரைக் கிலோ முன்பின். ஈரமானியில் ஈரப்பதமும் பார்த்தார்கள், ஏனென்றால் மாசியில் வாங்கிய நெல் வைகாசியில் எடை இறங்கியிருக்கும். கணக்கில் காணாமல்போன நெல்லில் ஒரு பங்கு காற்றோடு போன தண்ணீர்.

அரிசிப் பகுதியில் இன்னொரு அதிசயம். சிப்பங்கள் 25 கிலோ இல்லை, 26 கிலோ. அச்சுப் பிழை என்று நினைத்தாள். 2022 ஜூலை 18 முதல், பொதிந்து பெயரிட்ட அரிசி 25 கிலோவரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் இல்லை. வரி போட்டவர் ஓர் எல்லை வைத்தார், விற்பவர் ஒரு கிலோ கூடப் போட்டு அதைத் தாண்டினார். தேவனாம்பட்டினத்துப் பீரங்கி நினைவுக்கு வந்தது என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா தவிட்டுக் குவியலின் சுற்றளவை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார், காதில் வாங்கவில்லை.

மறுபடியும் கீரப்பாளையம்

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்கள். ஊரில் வாய்க்கால் பேச்சு தொடங்கியிருந்தது. சான்றிதழ் வந்துவிட்டது, அதில் அவள் பெயரின் தலையெழுத்து மட்டும் தப்பு.

வீட்டுப் பரணில் ஒரு மரக்கால் இருந்தது. ஆயாவின் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வீட்டில் இருப்பது, களத்தில் கூலி நெல் அளந்தது. எட்டுப் படி ஒரு மரக்கால் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த மரக்கால் எத்தனை கிலோ? அப்பாவுக்குத் தெரியவில்லை. ஊருக்கு ஊர் மாறும் என்றார். ஒரு மாதமாக மூட்டையைக் கிலோவாக்கிக் கொண்டிருந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. தூசு தட்டி, துடைத்து, அரிசி நிரப்பி, அப்படியே தூக்கிக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்குப் போய் எலக்ட்ரானிக் தராசில் வைத்தாள். வெறும் மரக்காலின் எடையைக் கழித்தாள். எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வந்தாள், கிராம்வரை.

திண்ணையில் ஆயா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எண்ணைச் சொன்னாள்.

"தலை தட்டி அளந்தியா," என்றார் ஆயா, "குவிச்சு அளந்தியா?"

அவள் மரக்காலைப் பார்த்தாள். பிறகு அரிசியை முறத்தில் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பத் தொடங்கினாள்.